“விரியாது, சுருங்காது” என்றார்கள்: கலப்புப் பலகைத் தளத்தில் நான் இழந்த 11 மாதச் சேமிப்பு

நேற்று மாலைதான் அவர்களுடைய கடைசி மின்னஞ்சல் வந்தது. “பலகையில் உற்பத்திக் குறை எதுவும் இல்லை, பொருத்திய முறை உத்தரவாதத்துக்குள் வராது, கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது” என்று மூன்றே வரிகளில் என்னுடைய 11 மாதச் சேமிப்புக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்கு வெளியே டபிள்யூபிசி எனப்படும், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கலப்புப் பலகையில் தளம் போட நினைத்திருப்பவர்கள், தயவுசெய்து முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

விற்றவர்களின் பெயரை எழுதவில்லை. பலகையையும் விற்று, அதைப் பொருத்தும் ஆட்களையும் தாங்களே அனுப்பிவைக்கும் இணைய அங்காடி என்பது மட்டும் போதும். பொருளும் வேலையும் ஒரே இடத்தில் கிடைத்தால், நாளைக்கு ஒரு குறை வந்தால் ஒருவர் மேல் ஒருவர் பழி போட முடியாது என்று நம்பித்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன்.

கைத்தடி ஊன்றி நடக்கும் என் அப்பா மாலை நேரத்தில் வெளியே வந்து நான்கு எட்டு நடக்கவும், சற்று நேரம் உட்காரவும் மேடு பள்ளமில்லாத ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தளமே. மாதிரித் துண்டோடு வீட்டுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். “மரம் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். இது அப்படியல்ல ஐயா, விரியாது, சுருங்காது, ஒருமுறை போட்டுவிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டாம்” என்று அப்பாவின் கையிலேயே அந்தத் துண்டைக் கொடுத்தார். அப்பா அதைத் தடவிப் பார்த்து, “சொரசொரப்பாக இருக்கிறது, தடி வழுக்காது” என்று மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியைப் பார்த்த பிறகு நான் வேறு எதையும் விசாரிக்கவில்லை. அன்றிரவே முழுத் தொகையையும் அனுப்பிவிட்டேன்.

“விரியாது, சுருங்காது” என்ற அந்த ஒரு வாக்கியம் பொய் என்பதை இப்போது நன்றாகத் தெரிந்துகொண்டேன். கலப்புப் பலகை என்பது மரத்தூளையும் பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக்கையும் உருக்கிச் சேர்த்து வார்த்தெடுப்பது. மரம் ஈரத்தால் அகலவாக்கில்தான் ஊதும். நீளவாக்கில் வெப்பத்தால் அதற்கு ஏற்படும் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. கலப்புப் பலகையில் நிலைமை தலைகீழ்: உள்ளிருக்கும் பிளாஸ்டிக் வெப்பத்துக்கு நீள்வதால், பலகையும் நீளவாக்கிலேயே கூடிக் குறைகிறது. வகைக்கு வகை அளவு மாறும் என்றாலும், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிடலாம். எங்கள் தளத்தில் 3.6 மீட்டர் பலகைகள் இரண்டு முனைக்கு முனை சேர்ந்து, ஒரு சுவருக்கும் எதிரே உள்ள கைப்பிடிச் சுவருக்கும் நடுவே 7.2 மீட்டருக்கு ஓடுகின்றன. குளிர்காலக் காலையில் 10 டிகிரியில் இருந்த அடர்பழுப்புப் பலகை கோடை மதியத்தில் 60 டிகிரி வரை சுடும்போது, அந்த 7.2 மீட்டர் 14 மில்லிமீட்டருக்கு மேல் நீள வேண்டும். நீள்வதற்கு அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட இடம் இருக்கவில்லை.

ஏன் இருக்கவில்லை என்பதைச் சொல்லும்போதுதான் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது. பொருத்த வந்தது நடுங்கவைக்கும் குளிர்காலக் காலை. குழுவின் தலைவர் என்னைக் கூப்பிட்டு, “முனைகளுக்கு நடுவே சந்து விட்டால் குப்பை சேரும், பார்வைக்கும் நன்றாக இருக்காது, நெருக்கியே வைத்துவிடட்டுமா?” என்று கேட்டார். மரவேலையில் பழகிய கை அவருடையது என்பது வேலையைப் பார்த்தாலே தெரிந்தது. தொழில் தெரிந்தவர் கேட்கிறார் என்று நானும் தலையாட்டினேன். சுவரோடு ஒட்ட அறுத்து, பலகைக்குப் பலகை இடித்து வைத்து, ஒவ்வொரு பலகையின் இரு முனைகளையும் மேலிருந்தே திருகால் இறுக்கிவிட்டார்கள். நடுவில் ஒரே ஓர் இடத்தில் பிடித்துவிட்டு, மற்ற இடங்களில் பலகை நகர்ந்துகொள்ளும்படி கிளிப் போட வேண்டும் என்பதும், குளிரில் பொருத்தினால் முனை இடைவெளியை அதிகமாகவும் வெயிலில் பொருத்தினால் குறைவாகவும் விட வேண்டும் என்பதும் பலகைக் கட்டோடு வந்த தாளில் அட்டவணையாகவே அச்சிடப்பட்டிருந்தது. அந்தத் தாள், அறுக்கும் இடத்தில் தூள் சிந்தாமல் இருக்க விரித்த அட்டைகளோடு கிடந்ததை எல்லாம் முடிந்த பிறகுதான் கண்டெடுத்தேன்.

முதல் கோடையில், ஒரு மதியம் வெளியே பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பலகைகள் சந்திக்கும் இடத்தில் திருகு பிடுங்கிக்கொண்டு, கூரை முகடு போல இரண்டு முனைகளும் எழும்பி நிற்கின்றன. தாங்கு சட்டங்கள் 400 மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருந்தன. நடுச் சட்டத்தில் பிடி விட்டுப்போனதால் 800 மில்லிமீட்டர் தூரம் பிடிப்பில்லாமல் போயிற்று. அந்தத் தூரத்தில் வெறும் 2 மில்லிமீட்டர் நீளம் கூடினாலே நடுவில் 28 மில்லிமீட்டர் உயர மேடு எழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. அதற்குள் அடுத்தடுத்த வரிசைகளும் எழும்பத் தொடங்கின. அப்பாவை அன்றோடு வெளியே வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டோம்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தட்டிக்கழிப்பு. முதல் அழைப்பில், “வெயில் தணிந்தால் தானாக அமர்ந்துவிடும்” என்றார்கள். இரண்டாவது அழைப்பில் படம் கேட்டார்கள், அனுப்பினேன். மூன்றாவது அழைப்பில், இதற்கு முன் பேசியவர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டதாகச் சொல்லி மறுபடியும் அதே படங்களைக் கேட்டார்கள். பொருள் பிரிவு “பொருத்தியதில் பிழை” என்றது. பொருத்தும் பிரிவு “வெயிலுக்குப் பலகை ஏன் நீள்கிறது என்று பொருள் பிரிவைக் கேளுங்கள்” என்றது. இரண்டும் ஒரே அங்காடி, ஒரே ரசீது, என்னுடைய ஒரே 11 மாதச் சேமிப்பு!

ஐந்து வாரம் கழித்து இரண்டு பேர் வந்தார்கள். கொளுத்தும் வெயிலில், பலகை முழுவதும் நீண்டிருந்த நேரத்தில், முனைகளை அறுத்து 10 மில்லிமீட்டர் சந்து விட்டுப் போனார்கள். இந்த வெயிலுக்கு இவ்வளவு எதற்கு என்று நான் கேட்டபோது, “பெரிதாக விட்டால் பிரச்சினையே வராது” என்றார்கள். குளிர்காலம் வந்ததும் பலகைகள் சுருங்கி, அந்தச் சந்து 17 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. அப்பாவின் கைத்தடி நுனி அதில் சிக்கி, அவர் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். அறுத்த முனைகளில் மேலுறை போய்விட்டதால் உள்ளிருக்கும் மரத்தூள் ஈரத்தை உறிஞ்சி உப்பத் தொடங்கியிருக்கிறது. அது இன்னொரு கவலை.

இதற்கெல்லாம் பிறகுதான் எழுத்து மூலமாக முறையிட்டேன். பதிலில், “முனைகளை நெருக்கி வைக்க வாடிக்கையாளரே ஒப்புக்கொண்டார்” என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய ஆள் கேட்ட கேள்விக்கு நான் ஆட்டிய தலையை, என்னுடைய உத்தரவாக மாற்றிவிட்டார்கள்! விரியாது என்று சொல்லி விற்றது யார் என்ற கேள்விக்கு மட்டும் நேற்று வந்த மின்னஞ்சலிலும் பதில் இல்லை.

செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். இப்போது மனம் ஒருநிலையில் இல்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். “விரியாது” என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்கள். பொருத்தும் நாளில் பலகையின் வெப்பநிலையை அளந்து, அட்டவணையில் அதற்கு நேரே உள்ள இடைவெளியை விடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். சுவர் ஓரத்திலும் இடைவெளி வேண்டும். இரு முனைகளிலும் திருகு இறக்கினால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அடர்நிறப் பலகை வெயிலில் கூடுதலாகச் சூடேறும் என்பதையும் நினைவில் வையுங்கள். பேசுவதை எல்லாம் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள், தலையாட்டாதீர்கள். இடைவெளி அட்டவணையைக் கேட்டு, அது அவர்களிடம் இல்லை என்றால் முன்பணம் அனுப்பாதீர்கள்.