ரெப் ஏற்றித் தருகிறோம் என்று வருபவர்களிடம் உங்கள் கணக்கைக் கொடுக்காதீர்கள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டை விளையாடும் நம் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரையும் தேடிப் பிடித்துத் தமிழிலேயே பேசி ஏமாற்றும் கூட்டம் ஒன்று இருக்கிறது. லெவல் ஏற்றித் தருவது, ஃபேக்‌ஷன் ரெப் (விளையாட்டுக்குள் இருக்கும் கூட்டங்களிடம் நம் பாத்திரத்துக்கு உள்ள நற்பெயர்) ஏற்றித் தருவது, இதுதான் அவர்கள் தொழில். அவர்களிடம் பணத்தையும், ஆசையாக வளர்த்த ஒரு வார்லாக் பாத்திரத்தையும், கில்டில் (சேர்ந்து விளையாடும் எங்கள் குழுவில்) எனக்கு இருந்த நல்ல பெயரில் பாதியையும் இழந்தவன் நான். இது நடந்து சில வருடம் ஆகிவிட்டது. போன வாரம் எங்கள் கில்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, "அண்ணா, இவங்க நம்பகமான ஆளுங்களா?" என்று ஒரு விளம்பரத்தை அனுப்பினான். குழுவின் பெயர்தான் வேறு, வாசகம் அப்படியே அன்று எனக்கு வந்ததுதான். அதே ஆட்களா, அவர்கள் முறையைக் கற்றுக்கொண்ட வேறு ஆட்களா என்று சொல்லத் தெரியவில்லை. யாராக இருந்தாலும், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

2021 ஜூனில் பர்னிங் க்ரூசேட் கிளாசிக் என்ற பதிப்பு வந்த சமயம். என் மெயின், அதாவது முக்கியப் பாத்திரம், ஒரு ப்ரீஸ்ட். காரஸானுக்குப் போகும் ரெய்டில் (பலர் சேர்ந்து போகும் படையெடுப்பில்) காயம் ஆற்றும் ஹீலர். கூடவே ஒரு ஆர்க் வார்லாக்கை வைத்திருந்தேன். அதற்குத் தையல் தொழில் கற்றுக்கொடுத்திருந்தேன். ஷட்ராத் நகரத்தில் ஸ்க்ரையர்ஸ் கூட்டத்தோடு எக்ஸால்டட் (ரெப்பின் உச்சப் படி) ஆனால் ரூனிக் ஸ்பெல்த்ரெட் செய்யும் பேட்டர்ன் கிடைக்கும். மந்திரத்தால் அடிக்கிற எல்லாருக்கும் காலுடையில் போட அது வேண்டும். எதிர்க் கூட்டமான ஆல்டோரிடம் கிடைப்பது ஹீலர்களுக்கான கோல்டன் ஸ்பெல்த்ரெட். எங்கள் கில்டில் ஆல்டோர் பக்கம் ஏற்கெனவே ஒரு தையல்காரர் இருந்தார், ஸ்க்ரையர்ஸ் பக்கம் யாரும் இல்லை. அதனால் என் வார்லாக் ஸ்க்ரையர்ஸ்தான் ஆக வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே தீர்மானம்.

முதலில் அவர்கள் வந்தது லெவலுக்காக. இருபதுகளில் இருந்த வார்லாக்கை ஸ்கார்லெட் மொனாஸ்டரி என்ற நிலவறைக்குள் கூட்டிப் போனார்கள். அவர்களுடைய மேஜ் (மந்திரவாதி) ஒருவர் உள்ளே இருக்கும் மொத்த எதிரிக் கூட்டத்தையும் ஓடி ஓடித் தன் பின்னால் இழுத்து வந்து, ஓர் இடத்தில் உறைய வைத்துக் கொல்வார். நான் வாசல் பக்கமே நிற்பேன், எனக்கு எக்ஸ்பி (லெவல் ஏற்றும் புள்ளி) வந்துகொண்டிருக்கும். என் பாத்திரம், என் கையில், என் கண் முன்னால் நடந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து முறைக்கு மேல் புதிதாக உள்ளே போக முடியாது என்ற வரம்பு இருப்பதால் அதற்குத் தக்கபடி நேரம் குறித்து, சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். சுற்றுக் கணக்கிலும் பொய் சொல்லவில்லை. பணம் கொடுத்து இதைச் செய்துகொள்வதே விளையாட்டின் விதிக்குப் புறம்பானது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த முதல் வேலை சுத்தமாக இருந்ததுதான் அவர்களுடைய முதலீடு. அவர்களிடம் ஏமாந்த வேறு சிலரோடு பின்னால் பேசியபோது எல்லாரும் ஒரே வரிசையைச் சொன்னார்கள். முதலில் சின்ன வேலை, பார்ட்டியில் (கூட விளையாடும் சிறு குழுவில்) சேர்த்துக்கொண்டு, ஒழுங்காக. அப்புறம் பெரிய வேலை, கடவுச்சொல் கேட்டு.

வார்லாக் 70 ஆனதும் ரெப் பேச்சு வந்தது. "இத பார்ட்டில வச்சுச் செய்ய முடியாதுண்ணா. நீங்க தூங்குற நேரத்துல நம்ம பையன் உள்ள வந்து முடிச்சிடுவான். ஆத்தென்டிகேட்டர் கோடு மட்டும் அனுப்புங்க, போதும்" என்றார் பேசிய ஆள். கணக்குக்குள் நுழையும்போது கேட்கும் பாதுகாப்பு எண்தான் அந்தக் கோடு. மரியாதையான பேச்சு. என் ஊரைக் கேட்டார், தன் ஊரைச் சொன்னார். முன்பணமாகப் பாதித் தொகையை ஒரு தனி நபரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். 'ஸ்க்ரையர்ஸ், எக்ஸால்டட்' என்று நான் எழுதி அனுப்பினேன். 'ஓகேண்ணா' என்று பதில் வந்தது. அந்தத் திரைப்பிடிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

'பார்ட்டியில் வைத்துச் செய்ய முடியாது' என்பதே பொய். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இனிமேல் யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் உதவும். ஸ்க்ரையர்ஸ் ரெப் பெரும்பாலும் பொருள் கொடுத்து வாங்குவது. ஹானர்ட் வரை ஃபயர்விங் சிக்னெட், அதற்கு மேல் சன்ஃப்யூரி சிக்னெட். பத்துக்கு 250 புள்ளி. ஆர்கேன் டோம் என்ற புத்தகம் ஒன்றுக்கு 350. இவை எல்லாமே கைமாற்றக்கூடிய பொருட்கள், ஏல வீட்டில் விற்கிறவைதான். உண்மையிலேயே வேலை செய்கிற ஆளாக இருந்தால் சேகரித்த சிக்னெட்டை என் பாத்திரத்துக்கு அஞ்சலில் அனுப்பினால் போதும். நான் ஷட்ராத்துக்குப் போய் நானே கொடுத்துக்கொள்வேன். இதில் கடவுச்சொல்லுக்கு வேலையே இல்லை. ஆக, ரெப்புக்காகக் கடவுச்சொல் கேட்பவனுக்கு வேண்டியது ரெப் அல்ல, கணக்கு.

அடுத்தது பணம் பறித்த விதம். நியூட்ரல், ஃப்ரெண்ட்லி, ஹானர்ட், ரெவியர்ட், அப்புறம் எக்ஸால்டட் என்று படி இருக்கிறது. ரெவியர்ட் ஆனதும் "அண்ணா, நாலுல மூணு முடிஞ்சுது, முக்கால் பணம் அனுப்பிடுங்க" என்றார். படியை எண்ணினால் அப்படித்தான் தோன்றும். புள்ளியை எண்ணுங்கள். நியூட்ரலின் அடியிலிருந்து ஃப்ரெண்ட்லிக்கு 3,000. அங்கிருந்து ஹானர்டுக்கு 6,000. அங்கிருந்து ரெவியர்டுக்கு 12,000. கடைசியாக எக்ஸால்டடுக்கு 21,000. மொத்தம் 42,000. ரெவியர்டை எட்டும்போது முடிந்திருப்பது சரியாகப் பாதி. மிச்சமிருக்கும் பாதிக்கு 840 சன்ஃப்யூரி சிக்னெட் வேண்டும், அல்லது 60 டோம். முக்கால் பணத்தை வாங்கிக்கொண்டு, வேலையில் கஷ்டமான பாதி வரும்போது காணாமல் போவது இவர்களில் பலரின் வழக்கம். என் விஷயத்தில் காணாமல் போகவில்லை, 'முடித்தார்கள்'. முடிந்துவிட்டது என்று செய்தி வந்ததும் மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

வார்லாக் ஷட்ராத்தில் நின்றது. ரெப் பட்டியலைத் திறந்தேன். ஒரு பட்டை நிறைந்து எக்ஸால்டட் என்று காட்டியது. அதன் பக்கத்தில் இருந்த பெயர் ஆல்டோர். கொஞ்சம் கீழே ஸ்க்ரையர்ஸ், சிவப்பில், 'ஹேட்டட்'. மௌஸைக் கொண்டுபோய் வைத்தால் 0/36000. அதற்குக் கீழே இறங்க இடமே கிடையாது.

விளையாடாதவர்களுக்கு இது ஏன் இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று புரிய வேண்டும். லெவல் ஏறினால் ஏறினதுதான், யாரும் இறக்க முடியாது. ரெப் அப்படியில்லை, தராசு மாதிரி. ஆல்டோரிடம் ஒரு புள்ளி ஏறினால் ஸ்க்ரையர்ஸிடம் ஏதோ சில்லறையாக இறங்குவதில்லை, ஏறியதைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகவே இறங்கும். திரும்பி வர விளையாட்டில் வழி வைத்திருக்கிறார்கள். டெரோக்கார் காட்டில் டேம்ப்ஸ்கேல் பாசிலிஸ்க் என்ற பிராணிகளின் கண்களை எட்டு எட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு முறைக்கு 250 புள்ளி. அடிமட்டத்திலிருந்து நியூட்ரலுக்கு வர 42,000 புள்ளி, அதாவது 168 முறை, 1,344 கண்கள். அவ்வளவும் செய்து முடித்தால் நான் பணம் கொடுத்த அன்று எங்கே நின்றேனோ அங்கே வந்து நிற்பேன். ரூனிக் ஸ்பெல்த்ரெட்டுக்கு அங்கிருந்து இன்னொரு 42,000.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்டதற்கு வந்த பதில்: "எக்ஸால்டட்தானே கேட்டீங்க, ஆயிடுச்சேண்ணா." நான் ஸ்க்ரையர்ஸ் என்று எழுதியதைத் திரும்ப அனுப்பினேன். அன்று இரவே அவர் பக்கத்துச் செய்திகள் எல்லாம் அழிந்தன. அவர்களிடம் ஆல்டோருக்குக் கொடுக்கும் மார்க்குகள் மலிவாகக் குவிந்திருந்திருக்கும், வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் அதையே தள்ளிவிடுகிறார்கள் என்பது என் ஊகம்.

பையைத் திறந்தால் கைவினைப் பொருட்களான பிரைமல் ஃபயர், பிரைமல் மானா ஒன்றுகூட இல்லை. தங்கமும் போயிருந்தது. அது என் நஷ்டம், போகட்டும். கில்ட் பேங்கிலிருந்து (குழுவின் பொதுப் பெட்டகத்திலிருந்து) பொருள் எடுக்க என் வார்லாக்குக்கு அனுமதி இருந்தது. ரெய்டுக்காக எல்லாரும் சேர்த்து வைத்திருந்த ஃப்ளாஸ்க் மருந்துகளையும் மூலிகைகளையும் அதன் வழியாக எடுத்திருக்கிறார்கள். பேங்க் பதிவேட்டில் வரிசையாக என் வார்லாக்கின் பெயர்தான். நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால், கணக்கு வேறொருவர் கையில் இருந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னேன். கில்ட் மாஸ்டர் திட்டவில்லை, என் இரண்டு பாத்திரங்களின் பேங்க் அனுமதியையும் எடுத்துவிட்டார். அது நியாயம்தான். ஆனால் பத்துப் பேர் மாலை நேரங்களில் மூலிகை பறித்துச் சேர்த்ததை முகம் தெரியாத ஒருவன் அள்ளிக்கொண்டு போனதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் அடங்கவில்லை.

அடுத்த சில நாளில் கணக்கே முடக்கப்பட்டது. தானியங்கி மென்பொருள் வைத்து விளையாடியதாக மின்னஞ்சல். 'நம்ம பையன்' என்று அவர்கள் சொன்னது ஒரு பாட். தடை வார்லாக்குக்கு மட்டும் வராது, மொத்தக் கணக்குக்கும் வரும். ரெய்டுக்கு ஹீலராகப் போக வேண்டிய ப்ரீஸ்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. கணக்கைப் பிறர் கையில் கொடுப்பதை விதிகள் வெளிப்படையாகத் தடுக்கின்றன, அதனால் ரெப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று விளையாட்டு நிறுவனத்திடம் கேட்க இடமில்லை. 2022 ஜனவரி கடைசியில் பூஸ்ட் (இப்படி ஏற்றித் தரும்) வியாபாரக் குழுக்களையே, விளையாட்டுத் தங்கத்துக்குச் செய்தாலும் சரி, தடை செய்து அறிவித்தார்கள். இப்போது வருகிற குழுக்கள் அதற்குப் பிறகும் நடத்துகிறவை என்பதை மனதில் வையுங்கள்.

ஷட்ராத்தில் மட்டும்தான் இந்த ஆபத்து என்று நினைக்க வேண்டாம். பூட்டி பே காவலர்களைக் கொன்றால் பிளட்செயில் கடற்கொள்ளையர்களிடம் பெயர் ஏறும், ஸ்டீம்வீடில் கோப்ளின்களிடம் இறங்கும். அந்த நகரத்துக்குள் கால் வைத்தாலே காவலர்கள் பாய்கிற நிலைக்கு ஒரு பாத்திரத்தைக் கொண்டுபோய்விடலாம். டிம்பர்மா ஹோல்ட் என்ற கரடிமனிதர் கூட்டத்திடம் ரெப் ஏற்ற, ஃபெல்வுட் பக்கத்து டெட்வுட் கரடிகளைக் கொல்வதற்குப் பதில், கவனமில்லாத பாட் ஒன்று டிம்பர்மா ஆட்களையே அடித்தால் ரெப் தலைகீழாகும். உங்கள் பாத்திரத்தின் மேல் அக்கறை இல்லாத ஒருவன் ஓர் இரவில் செய்வதை நீங்கள் மாதக்கணக்கில் சரிசெய்ய வேண்டி வரும்.

அந்தத் தம்பி கேட்டது டிம்பர்மாவுக்காக. அவனிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ரெப்புக்காகக் கொடுக்கும் டெட்வுட் இறகுகளும் வின்டர்ஃபால் மணிகளும் நாம் அடிக்கும்போது தானாகச் சேரும். கில்டில் இன்னும் இரண்டு பேருக்கு அதே ரெப் வேண்டும். சேர்ந்து போனால் போரடிக்காது. சனிக்கிழமை இரவு நானும் வருகிறேன் என்றிருக்கிறேன்.

ஏற்கெனவே கடவுச்சொல் கொடுத்துவிட்டவர்கள் சண்டை போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். கணக்கின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள், அப்புறம்தான் விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். ஆத்தென்டிகேட்டரைக் கழற்றிப் புதிதாக இணையுங்கள். கில்ட் மாஸ்டரிடம் உடனே சொல்லி பேங்க் அனுமதியை நிறுத்தச் சொல்லுங்கள், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள். உரையாடலை, பணம் அனுப்பிய விவரத்தை, யுபிஐ எண்ணைத் திரைப்பிடித்து வையுங்கள், அவர்கள் அழித்துவிடுவார்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம், சைபர் குற்றத்துக்கான தேசியப் புகார் தளத்திலும் பதியலாம். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அதை நடுவில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். நான் புகார் கொடுத்தது கில்ட் பஞ்சாயத்து எல்லாம் முடிந்த பிறகு. பணம் போன வங்கிக் கணக்கில் அதற்குள் எதுவும் இல்லை.