கேதார்காந்தா பனிக்கு வாங்கிய மைக்ரோஸ்பைக்ஸ்: போய் வந்த பிறகு எழுதுகிறேன்

நான் கிருஷ்ணகிரியில் கிரானைட் பாலிஷ் பட்டறையில் 18 வருடமாக வேலை செய்கிறவன். தண்ணீரும் கல்மாவும் கலந்த சேறு எங்கள் தரையில் நாள் முழுக்க ஓடும். அதனால் ஜனவரியில் மச்சானோடு இமயமலையில் கேதார்காந்தா சிகரம் ஏறப் போவதென்று முடிவானதும், ஜாக்கெட், தூக்கப்பை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் விசாரித்தது காலுக்கு என்ன மாட்டிக்கொள்வது என்பதைத்தான்.

மைக்ரோஸ்பைக்ஸ் என்பது ஷூவின் மேல் இழுத்து மாட்டும் ஒரு ரப்பர் வளையம். அதிலிருந்து அடிப்பக்கமாகத் துருப்பிடிக்காத இரும்புச் சங்கிலி போகும், சங்கிலியில் கூரான பற்கள் இருக்கும். மலையேற்ற வீரர்கள் கெட்டியான பூட்ஸில் பூட்டும் பெரிய பற்களுள்ள கிராம்பான் வேறு, இது வேறு. இதை எந்த ஷூவிலும் மாட்டலாம். நான் ஆன்லைனில் 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒரு ஜோடி 420 கிராம் இருந்தது. பல் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தின் நீளம்.

கேதார்காந்தா உத்தராகண்டில் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிறது. உச்சி சுமார் 3,800 மீட்டர். டேராடூனிலிருந்து புரோலா, மோரி வழியாக ஒரு முழுப் பகல் வண்டியில் போனால் சாங்க்ரி கிராமம். அது கிட்டத்தட்ட 1,950 மீட்டரில் இருக்கிறது, நடை அங்கிருந்துதான். பழக்கத்துக்காக இரண்டு மாதம் ஞாயிறுதோறும் 8 கிலோ பையோடு கிருஷ்ணகிரி மலைக்கோட்டை ஏறினோம். மூச்சுக்கு அது நன்றாகவே உதவியது. ஆனால் பனியில் கால் வைக்கும் பழக்கத்துக்கு நம் பக்கத்தில் வழியே இல்லை. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் இறங்குவது, அவ்வளவுதான்.

முதல் நாள் பைன் காட்டு வழியில்தான் ஸ்பைக்ஸ் தன் அருமையைக் காட்டியது. புதுப் பனியில் வழுக்கவே வழுக்காது, கால் பொதபொதவென்று இறங்கி நின்றுவிடும். வழுக்குவது ஆள் நடந்த பாதைதான். நூற்றுக்கணக்கான பேர் மிதித்து மிதித்துப் பனி இறுகியிருக்கும். பகல் வெயிலில் மேலாக உருகி, ராத்திரி மறுபடியும் உறையும். இப்படியே நாலு நாள் போனால் எங்கள் பட்டறையில் கடைசி பாலிஷ் போட்ட கல் மாதிரி ஆகிவிடும். சாதாரண ஷூவோடு வந்த ஒரு குடும்பம் அந்த இடத்தில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. நானும் மச்சானும் ஸ்பைக்ஸை மாட்டிக்கொண்டு நேராக நடந்துபோனோம். பல் கடிக்கும் சத்தம் ஒவ்வொரு அடிக்கும் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கிறவரை பயமில்லை.

ஜூடா கா தாலாப் ஏரிக்கரையில், சுமார் 2,800 மீட்டரில், முதல் டென்ட். ஏரி உறைந்து கிடந்தது. ராத்திரி தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொன்னார் கைடு. ஐஸ் மேலிருந்துதான் பிடிக்கும், அதனால் காலையில் மூடிப் பக்கம் தண்ணீராகவே இருக்கும். ஸ்பைக்ஸைக் காலடியில் ஒரு துணிப்பையில் போட்டுத் தூக்கப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். குளிரில் ரப்பர் விறைத்துப்போனால் கையுறையோடு இழுத்து மாட்டுவது பெரும்பாடு. டென்ட்டுக்கு வெளியே விட்டிருந்த மச்சானுக்கு மறுநாள் கால் மணி நேரம் ஆனது.

உச்சிக்குப் போகிற நாள் அதிகாலை மூன்றரைக்கே கிளப்பிவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று கேட்டேன். மச்சானுக்கு ஓசூர் கம்பெனியில் பழகிய இந்தி உண்டு. கைடு சொன்னதைக் கேட்டு, "மாமா, பத்து பதினோரு மணிக்கு மேல பனி இளகிடுமாம். அதுக்குள்ள ஏறி இறங்கிடணுமாம்" என்றான். அது எவ்வளவு உண்மை என்பது இறங்கும்போது தெரிந்தது. இருட்டில் ஏறிய சரிவு கல் மாதிரி இருந்தது, பல் கச்சிதமாகப் பிடித்தது. அதே சரிவு பத்தரை மணிக்குக் கால்களை முழங்கால் வரை விழுங்கியது. அந்தப் பனியில் ஸ்பைக்ஸால் பயனே இல்லை. பயனில்லாதது மட்டுமில்லை, தொந்தரவும்கூட. மழைநாளில் செம்மண் காட்டில் நடந்தால் செருப்பில் அப்பிக்கொண்டே வருமே, அப்படி ஈரப் பனி பற்களுக்கு நடுவே உருண்டையாகத் திரண்டுகொள்கிறது. பல் தரையைத் தொடுவதே இல்லை. பத்து அடிக்கு ஒருமுறை கைத்தடியால் தட்டிவிட வேண்டியிருந்தது. அங்கே நம்மைக் காப்பாற்றுவது ஷூவின் வாயை மூடி முழங்காலுக்குக் கீழே சுற்றிக் கட்டும் கெய்ட்டர் என்ற உறை. அது இல்லாதவர்களின் ஷூவுக்குள் பனி இறங்கி, சாக்ஸ் நனைந்து, விரல் மரத்துப்போனதைப் பார்த்தேன்.

முகட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பனி ஒரே மாதிரி கிடப்பதில்லை. காற்று அடிக்கிற பக்கம் பனியை வாரிக்கொண்டு போய்விடுகிறது, பாறையும் காய்ந்த புல்லும் வெளியே தெரிகின்றன. வாரிய பனி மறுபக்கம் குவிந்து, வீட்டுத் தாழ்வாரம் மாதிரி விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தரை போலவே இருக்கும், அடியில் வெறும் காற்று. ஸ்பைக்ஸ் இருக்கிற தைரியத்தில் போட்டோ எடுக்க விளிம்புக்குப் போகக் கூடாது. கைடு தன் தடியால் ஒரு கோடு கிழித்து, அதற்கு இந்தப் பக்கமே எங்களை நிறுத்தினார். அங்கிருந்து பந்தர்பூஞ்ச், ஸ்வர்க்காரோகிணி சிகரங்கள் இரண்டும் முதல் வெயிலில் சிவந்ததைப் பார்த்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாறை வந்த இடத்தில் ஸ்பைக்ஸைக் கழற்றிவிட வேண்டும். இரும்புப் பல் பாறையில் உட்காராது, கணுக்கால் பிசகும், பல்லும் மழுங்கும். பலர் சோம்பல்பட்டு அப்படியே நடந்தார்கள். கல்லில் இரும்பு உராய்கிற அந்தச் சத்தம் தினமும் கேட்கிற எனக்கு அதைச் சகிக்க முடியவில்லை.

நான் வாங்கியதில் இரண்டு குறைகள். ஒன்று, சைஸ். என் ஷூ 9. பெட்டியில் போட்டிருந்த அட்டவணைப்படி பெரியதை வாங்கினேன். இறக்கத்தில் ரப்பர் பக்கவாட்டில் நழுவி, பல் ஷூவின் ஓரத்துக்கு வந்துவிட்டது. இரண்டு சைஸுக்கு நடுவே இருப்பவர்கள் சிறியதை எடுங்கள், இறுக்கமாக இருந்தால்தான் சரி. மற்றது, இடது கால் சங்கிலியில் ஒரு கண்ணி வாய் பிளந்துவிட்டது. அது பற்றவைக்காமல் வெறுமனே வளைத்துவிட்ட கண்ணி. பையில் எப்போதும் கட்டுக்கம்பி வைத்திருப்பேன், அதை இரண்டு சுற்று சுற்றி முறுக்கினேன். சாங்க்ரி வரை தாங்கியது. வாங்கும்போது கண்ணிகளின் வாயைப் பாருங்கள். பற்றவைத்த தடம் இருந்தால் நல்லது.

ஒரே ஒருமுறை போகிறவர்கள் சாங்க்ரியிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பல்லை விரலால் தடவிப் பார்த்து எடுங்கள். நாங்கள் கட்டிங் பிளேடின் ஓரத்தில் கல்லை அறுக்கிற பல்லான செக்மென்ட் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்போமே, அந்த மாதிரி. முனை உருண்டிருந்தால் வேறு கேளுங்கள், தயங்காதீர்கள்.

திரும்பி வந்ததும் வெந்நீரில் கழுவி, வெயில் படாமல் காயவைத்தேன். பிளந்த கண்ணிக்குப் பதிலாகப் பட்டறையில் புதுக் கண்ணி போட்டுப் பற்றவைத்திருக்கிறேன். டிசம்பரில் போகப்போகிற எங்கள் பட்டறைத் தம்பி ஒருவன் கேட்டிருக்கிறான். அவன் ஷூ 10, அவனுக்கு இந்தப் பெரிய சைஸ் சரியாக உட்காரும்.