ஜூனியர் டிராக்ஸ்டரா, வீட்டுக் காரா?

யாழ்ப்பாணத்தில் டிராக் (நேர்ப்பாதையில் இரு வண்டிகள் மோதும் குறுந்தூர ஓட்டப் போட்டி) ஓடுபாதை இல்லாததால், இக்கேள்வி பெரும்பாலும் வட அமெரிக்காவில் வளரும் நம் உறவுப் பிள்ளைகளைப் பற்றியே எழுகிறது: சிறு வயதிலேயே ஜூனியர் டிராக்ஸ்டரில் தொடங்குவதா, சாரதி அனுமதிப்பத்திரம் கிடைக்கும்வரை பொறுத்து வீட்டுக் காரில் தொடங்குவதா?

1992இல் அமெரிக்காவில் அறிமுகமான ஜூனியர் டிராக்ஸ்டர், ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் பூட்டிய, பெரிய டிராக் பந்தய வண்டியின் அரை அளவு வண்டி. அதை 5 முதல் 17 வயதுவரை ஓட்டலாம்; செலவு கூடுதல். வீட்டுக் காருக்கு அச்செலவு இல்லை.

இரண்டிலும் பிராக்கெட் முறையே நடக்கிறது. ஓடுபாதையைக் கடக்கத் தமக்கு ஆகும் நேரத்தை ஓட்டுநர் முன்பே அறிவிப்பார். மெதுவான வண்டி அந்த வித்தியாசத்தளவு முந்திப் புறப்படும். அறிவித்ததைவிட விரைந்தோடியவர் பொதுவாகத் தோற்பார் என்பதால், குதிரைவலுவைவிட, விளக்குக்கேற்பப் புறப்படுவதிலும் அறிவித்த நேரத்தை ஒட்டி ஓடுவதிலும் உள்ள சீரே வெற்றி தரும். அச்சீர் இளமையில் எளிதாகப் படியும். வசதியுள்ள குடும்பத்துக்கு நான் ஜூனியர் டிராக்ஸ்டரையே பரிந்துரைப்பேன்.