உண்ணி எடுக்க இடுக்கியா, கொக்கியா?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் கோடைப் புல்வெளியில் விளையாடித் திரும்பும் பிள்ளைகளின் காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம், அக்குள், தொப்புள், தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு ஆகியவற்றை அன்றிரவே பார்த்துவிட வேண்டும். உண்ணி அகப்பட்டால் எதனால் எடுப்பது என்று டர்பன் பெற்றோர் பலர் தடுமாறுகிறார்கள்.

விலை: இரண்டுமே மலிவுதான்.

பிடி: கூர்நுனி இடுக்கி, தோலை ஒட்டி உண்ணியின் வாய்ப்பகுதியைக் கவ்வ வேண்டும், உப்பிய வயிற்றைப் பிடித்தால் அது நசுங்கி, நோய்க்கிருமி கலந்த நீர் வெளிப்படலாம். பிளவுபட்ட முனையுள்ள கொக்கியோ வயிற்றை அழுத்துவதில்லை.

முறை: இடுக்கியால் முறுக்காமல் நேர் மேலாக, நிதானமாக இழுக்க வேண்டும், கொக்கியைத் தோலை ஒட்டி உண்ணிக்கு அடியில் செருகி மெல்லத் திருப்பித் தூக்க வேண்டும்.

அளவு: இரத்தம் குடித்துப் பருத்தவற்றுக்குக் கொக்கி எளிது. மிளகுத்தூள் போல் ஒட்டியிருக்கும் குஞ்சு உண்ணிகள் அதன் பிளவில் நழுவிவிடும். அங்கே இடுக்கிதான் உதவும்.

கால் உதறும் சிறு பிள்ளைக்குக் கொக்கியே என் தேர்வு. ஆனால் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், குஞ்சு உண்ணிக்கும் உதவும் இடுக்கியை வாங்குங்கள். உண்ணிமேல் வாசலின் பூசுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டவே வேண்டாம். உண்ணியை வெறும் விரலால் நசுக்காதீர்கள். கடித்த இடத்தைச் சோப்பிட்டுக் கழுவித் தேதியைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, கடிவாயில் கறுத்த பொருக்கு தோன்றினால், அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதால், தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள்.