டெரிபாரடைட் ஊசி: காலையா, ராத்திரியா?

குன்னூரில் எங்கம்மாவுக்கு எலும்புப்புரைக்குத் தினமும் 20 மைக்ரோகிராம். ஒரே நாளில் இரண்டு முறை அல்ல; சில நாள் காலையில், சில நாள் ராத்திரியில் என்று போட்டுப் பார்த்தோம்.

தலைசுற்றல்
காலை: முதல் சில நாள், ஊசி போட்ட நாலு மணி நேரத்துக்குள் வரலாம். நாங்கள் மேட்டுப் படி இறங்கும் நேரமே அதுதான்.
ராத்திரி: தூக்கத்தில் கழியும். ஆனால் பாத்ரூமுக்கு எழுந்தால், கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் அம்மா சுவரைப் பிடிப்பார்.

குமட்டல்
காலை: இரண்டு இட்லிக்குப் பிறகு போட்டால் அடங்கியது.
ராத்திரி: ஏழு மணிக்கே ரசம் சாதம்.

கெண்டைக்கால் இழுப்பு
ராத்திரிக் குளிரில் அதிகம். கம்பளி சாக்ஸ், வெந்நீர்.

ஊசி மருந்து அடைத்த பேனா எப்போதும் ஃப்ரிட்ஜில், 2–8 டிகிரியில். ஊர்க்குளிர் போதாது. 28 நாளில் மாற்றணும்.

பகலில் வெளியே போகிறவர்களுக்கு ராத்திரி. இரவில் அடிக்கடி எழுபவர்களுக்கு, தனியாக இருப்பவர்களுக்குக் காலை. டாக்டரிடம் சொல்லிவிட்டு நேரத்தை மாற்றுங்கள்.