கேரவனுக்கு அடியில் எது: பட்டை ஸ்பிரிங்கா, ரப்பர் ஆக்சிலா, காயிலா?

டிசம்பர் லீவு நெருங்கினால் டர்பனில் கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்கள் பேச்சில் இந்தக் கேள்வி வந்துவிடும்: அடியில் கடகடவென்று சத்தம் கேட்கிறது, இருக்கிற ஸ்பிரிங்கையே சரிசெய்தால் போதுமா, இல்லை மொத்தத்தையும் மாற்றிவிடலாமா? சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் நிற்பது ஒற்றை ஆக்சில் வைத்த பழைய கேரவன். போன குளிர்காலத்தில் அதன் அடிப்பக்கத்தை நானே பிரித்து மாட்டினேன். அதற்கு முன்னால் என் முன் மூன்று வழிகள் இருந்தன. இருக்கிற பட்டை ஸ்பிரிங்கையே (அடுக்கிய இரும்புப் பட்டைகள்) நல்ல புஷ் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் உருளை உறை), கனமான ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தகடு), ஷாக் அப்சார்பர் (குதிப்பை அடக்கும் பாகம்) போட்டுப் பலப்படுத்துவது. அதைக் கழற்றிவிட்டு ரப்பர் டார்ஷன் ஆக்சில் போடுவது. அல்லது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிக் கையும் காயில் ஸ்பிரிங்கும் கொண்ட செட்டைப் பற்றவைப்பது. நான் எடுத்தது முதல் வழி. ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

சொகுசில் காயில் முதல், ரப்பர் அடுத்தது, பட்டை கடைசி. செலவு குறைவு என்று பார்த்தால் அப்படியே தலைகீழ். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. சத்தமும் அப்படித்தான்: ரப்பர் ஆக்சிலில் இரும்போடு இரும்பு உரசும் இடமே இல்லை, பட்டையிலோ அதைத் தவிர வேறில்லை. உள்ளே மனிதர்கள் உட்கார்ந்து போகும் வண்டி இல்லை இது. சொகுசு என்று நாம் சொல்வது தட்டும் டம்ளரும் அலமாரியில் நிற்கின்றனவா, கப்போர்டு திருகுகள் கழன்று விழாமல் இருக்கின்றனவா என்பதுதான். அதற்கு நல்ல நிலையில் இருக்கும் பட்டையே போதும் என்பது என் அனுபவம். கெட்ட பெயர் முழுக்கவும் தேய்ந்த பட்டைக்கே சேர வேண்டியது.

தேய்ந்தது என்றால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வண்டியை ஜாக்கில் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, பின்பக்க ஷாக்கிள் போல்ட்டைத் தட்டி வெளியே எடுத்தேன். ஸ்பிரிங் முனையில் சுருண்டிருக்கும் கண்ணுக்குள் இருக்க வேண்டிய நைலான் புஷ் இருந்த இடத்தில் கறுப்பாகப் பிசுபிசுப்பு மட்டும் இருந்தது. போல்ட்டின் ஒரு பக்கம் பிறை வடிவில் குழிந்து, நகத்தை வைத்தால் உள்ளே இறங்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஷாக்கிள் தகட்டின் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் இழுபட்டிருந்தது. நைலான் தேய்ந்து போன பிறகு இரும்பு இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். நமக்குக் கேட்கும் சத்தம் அதுதான். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை உண்டு. ஸ்காட்பர்க், மார்கேட் பக்கம் வாரக்கணக்கில் உப்புக்காற்றில் நின்ற வண்டியில் துரு போல்ட்டைப் பிடித்துக்கொண்டு புஷ்ஷை அசையவே விடாது.

இதற்கு மாற்று வெண்கல புஷ்ஷும், நடுவில் துளையிட்டுத் தலையில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) வைத்த போல்ட்டும். கூடவே தடிமனான ஷாக்கிள் தகடு. இந்த மூன்றும் சேர்ந்தால் பட்டை ஸ்பிரிங்கின் பெரிய பலவீனம் போய்விடுகிறது. மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போல்ட்டின் பக்கவாட்டில் கிரீஸ் வெளியே வரும் சின்னத் துளை மேலேயோ கீழேயோ பார்க்கக் கூடாது, முன்பக்கமோ பின்பக்கமோ பார்க்க வேண்டும். பாரம் அழுத்தும் பக்கத்தில் துளை இருந்தால் கிரீஸ் வெளியே வர இடமே இருக்காது. போல்ட் தலைக்கு அடியில் இருக்கும் பல் தகட்டைக் கடித்து நிற்கும். ஆகவே தலையைத் திருகாமல் நட்டைத்தான் திருக வேண்டும். ஷாக்கிள் நட்டை வெறியோடு இறுக்கினால் தகடு புஷ்ஷை நெருக்கி ஸ்பிரிங் ஆடாமல் போய்விடும். சக்கரம் தரையில் நிற்கும்போது கிரீஸ் அடிப்பதும் அரைகுறைதான், சேஸிஸைத் தூக்கி ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு அடித்தால் சுற்றிலும் போய்ச் சேரும்.

சரி, ரப்பர் ஆக்சில். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் என் மச்சான் அதுதான் வைத்திருக்கிறார், குறை சொன்னதே இல்லை. சதுரக் குழாய்க்குள் ரப்பர் கட்டைகளை நெருக்கி, அதற்கு நடுவில் சக்கரத்தின் கை நுழைந்து நிற்கும் அமைப்பு. சக்கரம் மேலே எழும்பினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். கிரீஸ் வேண்டாம், புஷ் வேண்டாம், அடியில் படுக்க வேண்டிய அவசியமே இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை என்3 நெடுஞ்சாலை வழியாக வான் ரீனன் கணவாய் ஏறி ஜோபர்க் போய்வருபவருக்கு இதைவிட நிம்மதி கிடையாது. என் அக்கா மகன் கிண்டலாகக் கேட்டான்: "மாமா, கிரீஸ் கன்னோடு மண்ணுல படுக்குற வயசா உங்களுக்கு?" நியாயமான கேள்விதான்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: கெட்டுப்போனால் எங்கே, யாரால் சரிசெய்ய முடியும்? ரப்பருக்கு வயசாகும். ஓடினாலும் ஆகும், வீட்டு முற்றத்தில் பாரத்தோடு நின்றாலும் ஆகும். மெல்ல மெல்லக் கை மேலே ஏறிக்கொண்டே வந்து, டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவில் இடைவெளி குறையும். ஒரு பக்கம் அதிகமாக உட்கார்ந்தால் டயரின் உள்விளிம்பு மொட்டையாகும். அந்த நிலை வந்ததும் வீட்டில் செய்ய எதுவும் இல்லை. ரப்பரை மட்டும் வெளியே எடுத்துப் புதிது போடுவது நம் கையில் இருக்கும் வேலை அல்ல. முழு ஆக்சிலையும் மாற்ற வேண்டும். அதற்கு ஹப் முகத்துக்கு ஹப் முகம் அளவு, பிராக்கெட் நடு அளவு, கையின் கோணம், வீல் போல்ட் வட்டம், பாரம் எல்லாம் கொடுத்துச் செய்யச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். லீவு தொடங்கும் வாரத்தில் காத்திருப்பது என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

பட்டை ஸ்பிரிங் அப்படி அல்ல. அதன் அளவு நான்கே விவரத்தில் முடிந்துவிடும்: பட்டையின் அகலம், கண் நடுவிலிருந்து கண் நடு வரை நீளம், கண்ணின் உள்விட்டம், எத்தனை பட்டை. இந்த நான்கையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டால் கோக்ஸ்டாடிலோ அப்பிங்டனிலோ டிரெய்லர் ஸ்பேர் விற்கும் கடையில் நீட்டலாம். இந்த நாட்டில் பண்ணைக்குப் பண்ணை பட்டை ஸ்பிரிங் டிரெய்லர்தான் ஓடுகிறது, அதனால் சின்ன ஊரிலும் பாகம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பிரதான பட்டை உடைந்தால்கூட ஒரு மரக்கட்டையை ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கட்டிக்கொண்டு ஊர்ந்தாவது அடுத்த ஊருக்குப் போய்விடலாம். டர்பனிலிருந்து கேப் டவுன் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். க்கலகாடி பூங்காவுக்குள் நுழையும் டுவீ ரிவியரன் வாசலோ, கடைசிப் பெரிய ஊரான அப்பிங்டனிலிருந்தே 250 கிலோமீட்டர் போல. இந்தத் தூரங்களைப் பார்த்துவிட்டு, வழியில் திறக்க முடியாத ஒரு பாகத்தை நம்பிப் புறப்பட எனக்கு மனசு வரவில்லை.

இதைச் சொன்னால் மச்சான் ஒன்று கேட்பார்: தேயாத பொருளுக்குப் பராமரிப்பு எதற்கு? அவர் வாதத்தில் பாதி உண்மை. ரப்பர் ஆக்சில் நல்ல ரோட்டில், வரையறுத்த பாரத்துக்குள், பல வருஷம் வாய் திறக்காமல் உழைக்கும். என் கவலை அது அறிவிப்பில்லாமல் வயசாவதுதான். பட்டை மாதா மாதம் சத்தம் போட்டே தன் குறையைச் சொல்லிவிடும்.

மூன்றாவது வழி, தனித்தனிக் கையும் காயிலும். ஆஃப் ரோடு கேரவன்களுக்குக் கீழே பார்க்கும் அமைப்பு இதுதான். அக்கா மகன் வைத்திருக்கும் ஆஃப் ரோடு டிரெய்லரில் இருக்கிறது. அவனுடைய பக்கியில் (பிக்கப் வண்டி) உட்கார்ந்து, வரிவரியாகப் பள்ளம் விழுந்த மண் சாலையில் பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறேன். சக்கரங்கள் தனித்தனியாகத் துள்ள, மேலே பெட்டி அசையாமல் வந்தது. அழகுதான். சொந்தமாக அதை இழுத்து நான் ஓட்டியது குறைவு, அதனால் நீண்டகாலத் தேய்மானம் பற்றி என் சொல்லை எடைபோட்டே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வீட்டிலேயே மாட்டுவது பற்றி மட்டும் தயக்கமில்லாமல் சொல்வேன்: வேண்டாம். பட்டை ஸ்பிரிங் பாரத்தை, அதைச் சேஸிஸில் தாங்கும் முன் ஹேங்கர், பின் ஹேங்கர் என்று இரண்டு இடத்தில் பிரித்துக் கொடுக்கிறது. இந்தக் கைகளோ முழு விசையையும் ஒரு பிவட்டிலும் (கை திரும்பும் அச்சு) காயில் உட்காரும் இடத்திலும் குவிக்கின்றன. பழைய கேரவன்களின் மெல்லிய சேஸிஸ் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, குறுக்குச் சட்டம் போட்டுப் பலப்படுத்தாமல் பற்றவைத்தால் சேஸிஸ் விரியும். துத்தநாகம் பூசிய சேஸிஸாக இருந்தால் பற்றவைக்கும்போது வரும் புகை நெஞ்சுக்குக் கெடுதல், பூச்சும் போய்விடும். இது எல்லாம் முடிந்த பிறகு சக்கரக் கோணம் சரிபார்க்க அலைன்மென்ட். பிவட் புஷ் தேய்ந்தால் மறுபடியும் அலைன்மென்ட். புதிதாக ஆஃப் ரோடு கேரவன் வாங்குபவர் காயிலோடு வாங்கட்டும். இருப்பதை மாற்றுகிறவர் விட்டுவிடட்டும்.

ஷாக் அப்சார்பர் பற்றிக் கொஞ்சம். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஒரு அளவு குதிப்பை அடக்கிவிடும், அதனால்தான் பல கேரவன்கள் ஷாக் இல்லாமலே வருகின்றன. அதே காரணத்தால் பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் பூசக் கூடாது. புஷ்ஷுக்குத்தான் கிரீஸ். நான் ஷாக் சேர்த்தேன். என்3-ஐ விட்டு இறங்கி பெர்க் (டிராகன்ஸ்பர்க் மலை) பக்கம், மஹாய் முகாமுக்குப் போகும் வழியில் குழியில் விழுந்தெழுந்த பிறகு வரும் இரண்டாவது, மூன்றாவது குதிப்பு நின்றுவிட்டது. நீண்ட மண் சாலையில் ஷாக் சூடாகி உள்ளே எண்ணெய் தளர்ந்துவிடும் என்பது தெரிந்த விஷயம், அங்கே வேகத்தைக் குறைப்பதும் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்குவதும்தான் மருந்து.

பலமாக இருக்கட்டும் என்று கூடுதல் பட்டை சேர்க்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. தேவைக்கு மேல் விறைப்பான ஸ்பிரிங் காலி வண்டியைப் பந்து மாதிரி எத்தும், உள்ளே உள்ள தட்டுமுட்டுச் சாமான்தான் உடையும். தகட்டில் அடித்திருக்கும் ஜிவிஎம் (சாமானோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த அதிகபட்ச எடை) எவ்வளவோ அதற்கேற்ற ஸ்பிரிங் போதும். எதைப் போட்டாலும் அந்த எண் கூடாது. ஆக்சிலைப் பட்டைக்கு அடியில் கொண்டுபோய் வண்டியை உயர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். உயர்ந்தால் கொக்கியின் உயரமும் மாற வேண்டும், மூக்கு தூக்கிக்கொண்டோ குனிந்துகொண்டோ ஓடினால் வால் ஆட்டம் வரும். 750 கிலோவுக்கு மேற்பட்ட கேரவன்களில் இருக்கும் ஓவர்ரன் பிரேக்கின் (கார் வேகம் குறைக்கும்போது கேரவன் முன்னே தள்ளும் விசையால் பிடிக்கும் பிரேக்) கம்பி, கேபிள் எல்லாம் அந்த மாற்றத்தில் இழுபடுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

விற்கும்போது? கைமாறும் கேரவனுக்கு, சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வர்த்தி சான்றிதழ் வேண்டும். பட்டை ஸ்பிரிங்கில் புதிய போல்ட், புதிய புஷ் என்றால் சோதிப்பவர் கையால் ஆட்டிப் பார்த்து முடித்துவிடுவார். வீட்டில் பற்றவைத்த கையைப் பார்த்தால் வாங்க வருபவரே முதலில் கேள்வி கேட்பார். ரப்பர் ஆக்சில் புதிதாக மாற்றியிருந்தால் விலையில் நிச்சயம் தெரியும், பழசாக இருந்தால் அதுவும் தெரியும்.

என் செலவு, ஸ்பிரிங் ஜோடி, புஷ், ஷாக்கிள், ஷாக் எல்லாம் சேர்த்து, நான்கு நல்ல டயர் வாங்கும் தொகைக்குள் அடங்கியது. ஹேங்கர் சேஸிஸோடு சேரும் மூலையில் விரிசல் இருந்திருந்தால் இந்தக் கணக்கே வேறு. அப்போது நான் மச்சான் வழியில், ரப்பர் ஆக்சில் பக்கம், ஒரு வெல்டரோடுதான் போயிருப்பேன். ஆகவே பாகம் வாங்கப் போகும் முன் அந்த மூலைகளைக் கம்பித் தூரிகையால் சுரண்டிப் பார்த்துவிடுங்கள். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ போல்ட்டைப் பழசையே திரும்பப் போடாதீர்கள், ஒரு முறை இழுபட்டது மறுபடி பிடிக்காது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டின் தலை ஆக்சிலின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறுக்குங்கள். முதல் ஓட்டத்தில் 80 கிலோமீட்டருக்குள் ஓரமாக நிறுத்தி வீல் நட்டையும் யூ போல்ட்டையும் ஒரு முறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். யூ போல்ட் எப்படியும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.