கணினித் தேர்வு: வினாவுக்கு வினா மாறுவதா, பகுதிக்குப் பகுதி மாறுவதா?

ஜே.இ.இ. மெயின் தேர்வைக் கணினியில்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒரே வேளையில் உட்கார்ந்த எல்லோருக்கும் அதே வினாக்கள்தாம். தாள் திரைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தேர்வரின் விடையைப் பார்த்து அடுத்து என்ன கேட்பது என்று கணினியே முடிவெடுக்கும் தேர்வுகள் வேறு ரகம். அவற்றை 'அடாப்டிவ்' தேர்வுகள் என்பார்கள். எத்தனை வினாக்களுக்கு ஒருமுறை கணினி அந்த முடிவை எடுக்க வேண்டும் என்பதில் அந்த ரகமும் இரண்டாகப் பிரிகிறது.

முதல் வகையில் ஒவ்வொரு வினாவுக்குப் பிறகும் முடிவு. சரியாகச் சொன்னால் கடினமானது வரும், தவறினால் எளிதானது வரும் என்று சுருக்கமாகச் சொல்வதுண்டு. உண்மையில், ஒவ்வொரு விடைக்குப் பின்னும் கணினி தேர்வரின் திறனைப் புதிதாகக் கணக்கிட்டு, அந்தத் திறனளவில் அதிகத் தகவல் தரக்கூடிய வினாவை வினா வங்கியிலிருந்து எடுக்கிறது. அது பெரும்பாலும் அவர் சரியாகச் சொல்ல ஏறத்தாழப் பாதி வாய்ப்புள்ள வினா. அதனால் கெட்டிக்காரரும் தடுமாறுகிறார், சுமாரானவரும் தடுமாறுகிறார். தேர்வறையிலிருந்து யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை.

இரண்டாம் வகைக்கு, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான இன்றைய எஸ்.ஏ.டி. தேர்வு நல்ல உதாரணம். கணிதத்தில் 22 வினாக்கள் கொண்ட ஒரு தொகுதி எல்லோருக்கும் பொதுவான தரத்தில் வரும். அதை எப்படிச் செய்தார் என்பதைப் பொறுத்து, அடுத்த 22 வினாக்கள் எளிய தொகுதியாகவோ கடினமான தொகுதியாகவோ அமையும். ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு திருப்பம். தொகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், விடையை மாற்றலாம்.

குறைந்த வினாக்களில் துல்லியமாக அளப்பது எது என்று மட்டும் கேட்டால் முதல் வகைக்கே வெற்றி. ஆனால் அது தன் வினா வங்கியைத் தானே தின்றுவிடுகிறது. நல்ல வினாக்களையே கணினி திரும்பத் திரும்ப எடுப்பதால் அவை சீக்கிரம் வெளியே கசிந்துவிடும். வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வு 1993-இல் இந்த முறைக்கு மாறியது. மறு ஆண்டே காப்லான் பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களைத் தேர்வெழுத அனுப்பி, அவர்கள் மனப்பாடம் செய்துவந்த வினாக்களைத் தேர்வை நடத்தும் இ.டி.எஸ். அமைப்பிடமே கொண்டுபோய்க் காட்டியது. இ.டி.எஸ். கணினித் தேர்வு நாட்களைக் குறைத்தது, காப்லான்மீது வழக்கும் தொடுத்தது. ஒரு வினா எத்தனை பேருக்குப் போகலாம் என்று வரம்பு கட்டும் கணக்கு முறைகள் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் அந்த வரம்பை இறுக்க இறுக்கத் துல்லியம் குறையும்.

2011-இல் ஜி.ஆர்.இ. பகுதிக்குப் பகுதி மாறும் முறைக்குத் தாவியது. தேர்வர்களுக்கு அதில் பிடித்தது, வினாவைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரலாம் என்பது. என் பார்வையில் அதைவிடப் பெரிய ஆதாயம் வேறொன்று. தொகுதிகளை முன்கூட்டியே கோத்து வைப்பதால், பாட நிபுணர் ஒருவர் முழுத் தொகுதியையும் படித்துப் பார்த்து, 'இந்த வினா அந்த வினாவுக்கு விடையைக் காட்டிக்கொடுக்கிறது' என்று சொல்ல முடியும். வினாவுக்கு வினா மாறும் தேர்விலோ, ஒருவருக்கு வந்த வினா வரிசையை அவருக்கு முன்பு மனிதர் யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒரே பத்தியைச் சுற்றிப் பல வினாக்கள் கேட்கும் வாசிப்புத் தேர்வுகளுக்கும் தொகுதி முறையே ஏற்றது. பல நாட்டுப் பள்ளி மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா தேர்வு 2018-இல் வாசிப்புக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டது.

குறை இல்லாமல் இல்லை. திருப்பத்தின் விளிம்பில் நிற்கும் மாணவர் ஒரு வினாவில் சறுக்கி எளிய தொகுதிக்குள் விழுந்தால், அதில் அத்தனையும் சரியாகப் போட்டாலும் உச்ச மதிப்பெண் கிடைக்காது. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வு 2023-இல் ஒரு நடுவழி பிடித்தது: வினாவுக்கு வினா மாறும் முறையை வைத்துக்கொண்டே, ஒரு பகுதியில் மூன்று விடைகள் வரை திருத்த அனுமதித்தது. ஒட்டுப்போட்ட தீர்வுதான் என்றாலும் பயனுள்ளது.

முதல் வகை அசைக்க முடியாமல் நிற்கும் இடம், அமெரிக்காவில் செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பலர் எழுதுவது. அங்கே ரேங்க் கிடையாது. தேறினாரா இல்லையா, அவ்வளவே கேள்வி. தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 சதவீதம் உறுதியானதும் கணினி நின்றுவிடும். 2023 ஏப்ரல் முதல் குறைந்தது 85 வினாக்கள், அதிகபட்சம் 150. தெளிவாகத் தெரிந்துவிட்ட ஒருவரை மேலும் 65 வினாக்களுக்கு உட்கார வைப்பானேன்? தேறுவதா இல்லையா என்பது மட்டுமே கேள்வியாக இருந்தால் இதையே தேர்ந்தெடுப்பேன். மதிப்பெண்ணை வைத்து இடம் ஒதுக்கும் தேர்வுக்குத் தொகுதி முறையை.

நீட் போன்ற தேர்வுக்கு இவற்றில் எது பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு: இன்றைய நடைமுறையில் இரண்டும் பொருந்தாது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுவது மட்டும் காரணம் அல்ல. அடாப்டிவ் தேர்வு எதுவானாலும், முன்பே சோதித்துக் கடினத்தன்மை கணக்கிட்ட வினாக்களைப் பூட்டி வைத்து மறுபடி பயன்படுத்த வேண்டும். இங்கேயோ தேர்வு முடிந்ததும் வினாத்தாளும் விடைக்குறிப்பும் வெளியாகின்றன; ஒரு விடை தவறு என்று தோன்றினால் மாணவர் பணம் கட்டி ஆட்சேபிக்கலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் அடாப்டிவ் தேர்வை வாங்க வேண்டுமென்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கட்சி.